சட்டை பெரிதா, நாம் சிறிதா?

படிவம் நான்கு மாணவர்கள் ஆய்வகத்தில் பன்சன் விளக்கைப் பற்றவைத்தால், நான் சுடரைப் பார்ப்பதில்லை. அவர்களின் சட்டைக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சில வாரங்களுக்கு முன் அப்படிப் பார்த்தபோது ஒரு மாணவியின் வெள்ளைக் கோட்டின் கை விரல் நுனிவரை இறங்கி, சுடருக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை மடித்துவிட்டிருந்தாள். மடிப்பு அவிழ்ந்துவிட்டது. உடனே விளக்கை அணைக்கச் சொன்னேன்.

"அளவு பார்த்து வாங்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"அளவு பார்த்துத்தான் வாங்குனேன் டீச்சர். சின்னது வாங்கினா மார்புல பட்டன் போட முடியல. பெரிசு வாங்கினா கை நீளமா இருக்கு. நான் குள்ளம் இல்லையா, எனக்கு எதுவுமே சரியா இருக்காது."

அவள் சொன்னதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், என் உயரம் 151 செ.மீ. அன்று நான் போட்டிருந்த கோட்டின் கைகளையும் நான் மடித்துத்தான் வைத்திருந்தேன். மெர்கோங்கில் இருந்து அலோர்ஸ்டார் கடைகளுக்குத் தீபாவளி துணி எடுக்கப் போகும் ஒவ்வோர் ஆண்டும், உடை மாற்றும் அறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவள் சொன்ன அதே வார்த்தையை நானும் மனத்துக்குள் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த வார்த்தை தவறு. அவள் உடம்பில் குறை இல்லை. சட்டை வெட்டப்பட்ட கணக்கில்தான் குறை. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் பிசகுகிறது என்பதை இந்த வாரம் சேர்ந்து பார்ப்போம். அளவு நாடா ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துப் பட்டையில் ஒரு ரகசியம்

முதலில் அலமாரியைத் திறந்து, சீனாவில் தைக்கப்பட்ட ஓர் ஆயத்தச் சட்டையை எடுங்கள். கழுத்தின் உள்பக்கம் அல்லது பக்கத் தையலில் உள்ள சிறு துணிச் சீட்டைப் பாருங்கள். எஸ், எம், எல் என்ற எழுத்துகளோடு 155/80, 160/84, 165/88 போன்ற எண்கள் பல சட்டைகளில் இருக்கும். பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கலாம்.

இது சீனாவின் தேசிய ஆடை அளவு முறை. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது உயரம், பின்னால் இருப்பது மார்புச் சுற்றளவு. இரண்டும் சென்டிமீட்டரில். கடைசி எழுத்து, மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து உடல்வாகைக் குறிக்கிறது. நேர்மையான முறைதான். இந்தச் சட்டை யாருக்காக வெட்டப்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

இப்போது கடையில் தொங்கும் வரிசையைக் கவனியுங்கள். எஸ் என்றால் 155 செ.மீ. உயரமும் 80 செ.மீ. மார்பும். எம் என்றால் 160, 84. எல் என்றால் 165, 88. மார்பு 4 செ.மீ. கூடும்போதெல்லாம் உயரமும் 5 செ.மீ. கூடுகிறது. பருமன் கூடினால் உயரமும் கூடும் என்று இந்த வரிசை நினைத்துக்கொள்கிறது.

உங்கள் குடும்பத்துப் பெண்களை ஒரு நிமிடம் மனத்தில் நிறுத்திப் பாருங்கள். குழந்தை பெற்ற அக்காவுக்கு மார்பும் இடுப்பும் கூடியது. கூடவே அவர் 5 செ.மீ. வளர்ந்தாரா? இல்லை. எலும்பின் நீளம் பருவ வயதோடு நின்றுவிடுகிறது. தசையும் கொழுப்பும் அதன் பிறகும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வளர்ந்தவர்களிடம் உயரத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள தொடர்பு மிகத் தளர்வானது.

அந்த முறை 155/88 என்ற சட்டையைத் தடை செய்யவில்லை. காகிதத்தில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் ஒவ்வொரு மார்பு அளவுக்கும் நான்கு உயரங்களில் தைத்தால் கடைக்காரர் நான்கு மடங்கு சரக்கை அடுக்கி வைக்க வேண்டும். அதனால் மூலைவிட்டத்தில் உள்ள சில அளவுகளை மட்டும் தைத்து அனுப்புகிறார்கள். கட்டம் முழுவதும் மனிதர்கள் இருக்கிறார்கள். சட்டைகள் ஒரு கோட்டில் மட்டும் இருக்கின்றன. என் மாணவி நின்ற இடத்தில் சட்டை இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

அந்த 14 செ.மீ. எங்கே இருக்கிறது?

என் மார்புச் சுற்றளவுக்கு எல் சட்டைதான் சரி. ஆக, நான் 165 செ.மீ. பெண்ணுக்காக வெட்டப்பட்ட துணியைப் போட்டுக்கொள்கிறேன். வித்தியாசம் 14 செ.மீ. "அதனால் என்ன, கீழே மடித்துத் தைத்தால் போயிற்று" என்பார்கள் கடையில். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினேன்.

உயரமும் உறுப்புகளின் நீளமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை ட்ரில்லிஸ், காண்டினி என்ற இரு ஆய்வாளர்கள் 1966இல் தொகுத்தார்கள். உடல் அசைவைப் படிப்பவர்கள் அந்த விகிதங்களை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி தரையிலிருந்து முழங்கால்வரை ஏறக்குறைய உயரத்தில் 28.5 விழுக்காடு. முழங்காலிலிருந்து இடுப்பு மூட்டுவரை 24.5 விழுக்காடு. இடுப்பு மூட்டிலிருந்து தோள்வரை 28.8 விழுக்காடு. மீதி கழுத்தும் தலையும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். தோராயக் கணக்குக்கு இது போதும்.

165க்கும் 151க்கும் இடையிலுள்ள 14 செ.மீ.ஐ இந்த விகிதத்தில் பிரித்துப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே 4 செ.மீ. தொடையில் மூன்றரை. இடுப்பு மூட்டுக்கும் தோளுக்கும் இடையில் 4. கழுத்திலும் தலையிலும் இரண்டரை. கூட்டினால் 14.

உயரமானவரின் காலை மட்டும் வெட்டினால் உயரம் குறைந்தவர் வந்துவிட மாட்டார் என்பது இதில் தெரிகிறது. குறைவு உடல் முழுவதும் பரவியிருக்கிறது. கத்தரி மட்டும் கீழ் ஓரத்தில் வேலை செய்கிறது.

ஜீன்ஸை எடுத்துக்கொள்வோம். கால் நீளத்தில் ஏழரை செ.மீ. அதிகம் என்று கீழே வெட்டித் தைக்கிறார்கள். அதில் மூன்றரை செ.மீ. தொடைப் பகுதியில் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அதனால் ஜீன்ஸின் முழங்கால் உங்கள் முழங்காலுக்கு மூன்றரை செ.மீ. கீழே நிற்கிறது. முழங்காலுக்காகக் குறுக்கிய இடம் கெண்டைக்காலில் வந்து இறுக்குகிறது. நாற்காலியில் உட்காரும்போது துணி முழங்காலில் இழுக்கிறது. ஓரத்தை எத்தனை அழகாக மடித்தாலும் இது தீராது.

பஞ்சாபி உடையிலும் இதே கதை. சட்டையில் இடுப்புக்காக உள்ளே வளைத்துத் தைத்த இடம், உங்கள் இடுப்புக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே, இடுப்பு எலும்பின் மேல் வந்து உட்காருகிறது. மிக ஒல்லியான இடம் மிக அகலமான இடத்தில் மாட்டுகிறது. நடந்தால் சட்டை மேலே ஏறி வயிற்றில் மடிப்பு விழுகிறது. "தொப்பை தெரிகிறது" என்று நாம் நம்மையே திட்டிக்கொள்கிறோம். தெரிவது பல நேரங்களில் இடம் மாறிய வளைவுதான்.

கையையும் கணக்கிடுங்கள். தோளிலிருந்து மணிக்கட்டுவரை உயரத்தில் ஏறக்குறைய 33 விழுக்காடு. 165 செ.மீ. பெண்ணுக்கு 55 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. எனக்கு 50. கிட்டத்தட்ட 5 செ.மீ. கோட்டுக் கை என் விரல்களில் இறங்கி நிற்கும். அன்று பன்சன் விளக்கின் அருகே ஆடியதும் இந்த மாதிரி உபரித் துணிதான்.

அளந்தவர்கள் யாரை அளந்தார்கள்?

ஆண்களின் ஆயத்த ஆடைக்குப் பெரிய உந்துதல் இராணுவச் சீருடையிலிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான வீரர்களை அளந்ததால் தொழிற்சாலைகளுக்கு ஒரு கணக்கு கிடைத்தது. பெண்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அமெரிக்காவில் தபால் வழியே விற்ற உடைகள் பொருந்தாமல் திரும்பி வந்து வணிகர்களுக்கு நட்டம் ஏற்பட்ட பிறகுதான் ஒரு பெரிய ஆய்வு நடந்தது.

அந்நாட்டு வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ரூத் ஓபிரையனும் வில்லியம் ஷெல்டனும் அதை நடத்தினார்கள். 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 இடங்களில், அளந்தார்கள். 1941இல் முடிவுகள் வெளிவந்தன. உழைப்பு பெரியது. ஆனால் இறுதிக் கணக்கில் வெள்ளை இனப் பெண்களின் அளவுகள் மட்டுமே சேர்க்கப்பட்டன. மற்ற இனப் பெண்களை அளந்தபோதும் அந்த எண்களை ஒதுக்கிவிட்டார்கள். ஒரு மாதிரியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் அதன் சராசரியை நம்பக் கூடாது என்று வகுப்பில் நாங்கள் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது.

அந்த ஆய்விலேயே ஓர் உண்மை வெளிப்பட்டுவிட்டது. சுற்றளவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பெண்ணுடலை வகைப்படுத்த முடியாது. உயரமும் தனியாக வேண்டும். 1958இல் அமெரிக்க அரசு வெளியிட்ட அளவுத் தரத்தில் எண்ணோடு சேர்த்து உயரம், நடுத்தரம், குட்டை என்று மூன்று குறிகளும், இடுப்பின் அகலத்துக்குத் தனிக் குறிகளும் இருந்தன. ஆக, விடை தெரியாமல் இல்லை. ஆனால் அத்தனை வகைகளைத் தைத்து அடுக்கத் தொழில்துறைக்கு மனமில்லை. 1983இல் அரசு அந்தத் தரத்தையே விலக்கிக்கொண்டது. அதன்பின் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த அளவை எம் என்று அழைக்கத் தொடங்கியது. ஒரு கடையில் எம் பொருந்துவதும் அடுத்த கடையில் அதே எம் நழுவுவதும் இதனால்தான்.

சராசரியை நம்பியதால் வந்த வேடிக்கை ஒன்றும் உண்டு. 1940களில் அமெரிக்க இளம்பெண்களின் சராசரி அளவுகளைக் கொண்டு 'நார்மா' என்ற சிலையைச் செய்தார்கள். 1945இல் கிளீவ்லாந்து நகரில் அந்தச் சிலையோடு ஒத்த உடலுள்ள பெண்ணைத் தேடி ஒரு போட்டி நடந்தது. கலந்துகொண்டவர்கள் 3,800க்கும் மேல். பார்த்த அளவுகள் ஒன்பது. ஒன்பதும் ஒத்துப்போனவர் ஒருவர்கூட இல்லை. நெருங்கி வந்தவருக்குத்தான் பரிசு கிடைத்தது. சராசரிப் பெண் என்பவர் கணக்கில் இருக்கிறார். தெருவில் இல்லை.

நாம்தான் சராசரி

அமெரிக்காவில் 'பெட்டிட்' என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. 5 அடி 4 அங்குலம், அதாவது ஏறக்குறைய 163 செ.மீ.க்குக் கீழே உள்ள பெண்களுக்கானது. 1940களில் ஹன்னா ட்ராய் என்ற நியூயார்க் ஆடை வடிவமைப்பாளர் அதற்கு வழி திறந்தார். பல பெண்களுக்குத் தோளுக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள பகுதி, கடைச் சட்டைகள் எதிர்பார்ப்பதைவிடக் குட்டையாக இருப்பதை அவர் கவனித்தார். ஓரத்தை விட்டுவிட்டு உடலின் நடுப்பகுதியைக் குறைத்து வெட்டினார். நாம் மேலே போட்ட கணக்கைத்தான் அவர் கத்தரியால் போட்டிருக்கிறார்.

இப்போது நம் பக்கம் வருவோம். 200 நாடுகளின் உயரத் தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஓர் உலக ஆய்வின்படி, 1996இல் பிறந்த மலேசியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 156 செ.மீ. இந்தியப் பெண்களுக்கு 153க்குச் சற்றுக் குறைவு. உலகிலேயே உயரமான லாட்வியப் பெண்களுக்கு ஏறக்குறைய 170. மிகக் குறைந்த குவாத்தமாலாவில் 149.

163 என்ற கோட்டை வைத்துப் பார்த்தால் மலேசியாவின் சராசரிப் பெண்ணே 'பெட்டிட்' பிரிவில் வந்துவிடுகிறார். நம் நாட்டில் பெரும்பான்மையாக இருப்பவர்களை அந்தக் கோடு விதிவிலக்காக மாற்றிவிடுகிறது. என் மாணவி 152 செ.மீ. இந்தியப் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டால் அவள் நட்ட நடுவில் நிற்கிறாள்.

உயரம் கூட மாத்திரை உண்டா?

அன்று வகுப்பு முடிந்ததும் அவள் மெதுவாக வந்து இன்னொன்று கேட்டாள். இணையத்தில் உயரம் கூட்டும் மாவு விற்கிறார்களாம். வாங்கலாமா என்றாள். அம்மாவிடம் பணம் கேட்கவும் தீர்மானித்திருந்தாள்.

கை, கால் எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். பருவமடைந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் இயக்குநீர் அந்தத் தட்டை மெல்ல மெல்ல எலும்பாக மாற்றி மூடிவிடுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு 14, 15, 16 வயதுக்குள் இது நடந்துவிடும். மூடிய தட்டை எந்த மாவும் திறக்காது.

மரபணுவுக்கு உயரத்தில் பெரிய பங்கு உண்டு. குழந்தைப் பருவ ஊட்டச்சத்துக்கும் நோயில்லா வாழ்வுக்கும் பங்கு உண்டு. முன்பு சொன்ன அதே ஆய்வில், ஒரு நூற்றாண்டில் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் 20 செ.மீ. கூடியிருக்கிறது. நூறு ஆண்டுகளில் மரபணு அப்படி மாறிவிடாது. சோறும் சுகாதாரமும்தான் மாறின. ஆகவே கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது வளரும் பிள்ளைகளின் தட்டு. 16 வயதுப் பெண்ணின் பணப்பை அதற்கான இடம் அல்ல.

பாட்டியின் காலணி

"பொருந்தாத துணி போட்டால் உயிரா போய்விடும்?" என்று நீங்கள் கேட்கலாம். சில வேலைகளில் போகலாம்.

என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். விடியற்காலையில் பிரட்டு முடிந்ததும் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். கொடுக்கப்பட்ட நீள் காலணிகள் ஆண்களின் அளவு. பாட்டியின் பாதம் சிறியது. முன்பக்கம் பழைய துணியைத் திணித்துப் போட்டுக்கொள்வார். குதிகால் உரசி உரசிக் கொப்புளம் வெடித்திருக்கும். கையுறையும் பெரிது. விரல் நுனிகள் காலியாகத் தொங்கியதால் தெளிப்பானின் கைப்பிடி நழுவும். பல நாள் கழற்றி இடுப்பில் செருகிவிட்டு வெறுங்கையால் வேலை செய்ததாகச் சொல்வார். "கவனக்குறைவு" என்று அதிகாரிகள் கடிந்துகொள்வார்களாம்.

அறிவியல் கண்ணோடு இதைப் பாருங்கள். தோட்டங்களில் பல்லாண்டு பயன்பட்ட களைக்கொல்லி பாராகுவாட். காயமில்லாத தோல் அதை ஓரளவு தடுத்துவிடும். உடைந்த தோல் தடுக்காது. கொப்புளம் வெடித்த குதிகால் வழியே நஞ்சு உடலுக்குள் செல்ல முடியும். காக்க வேண்டிய காலணி பொருந்தாமல் போனதால், அதுவே நஞ்சுக்கு வாசல் திறந்துவிடுகிறது. தெனகானித்தா அமைப்பும் பசிபிக் வட்டாரப் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களிடம் ஆய்வு நடத்தி 2002இல் அறிக்கை வெளியிட்டன. அவர்கள் அனுபவித்த உடல்நலக் கேடுகள் அதில் பதிவாகின. பாராகுவாட் மலேசியாவில் 2020 சனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. நஞ்சு ஒன்று போயிற்று. பொருந்தாத காலணியும் கையுறையும் இன்னும் போகவில்லை. மெர்கோங் தொழிற்பேட்டையிலோ சுங்கைப்பட்டாணியிலோ தொழிற்சாலையில் வேலை செய்யும் உங்கள் வீட்டுப் பெண்ணிடம் அவருடைய கையுறை பொருந்துகிறதா என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.

இது ஏழைத் தொழிலாளியின் சிக்கல் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2019 மார்ச் 29 அன்று பெண்கள் இருவர் மட்டுமே ஈடுபடும் முதல் விண்வெளி நடையை நாசா திட்டமிட்டிருந்தது. ஆன் மெக்லேன், கிறிஸ்டினா கோக் ஆகிய இருவருக்கும் நடுத்தர அளவு மார்புக் கவசம்தான் பொருந்தியது. விண்வெளி நிலையத்தில் அந்த அளவில் ஒன்று மட்டுமே உடனடிப் பயன்பாட்டுக்குத் தயாராக இருந்தது. பொருந்தாத கவசத்தோடு வெளியே போவது ஆபத்து என்பதால் மெக்லேனுக்குப் பதிலாக ஓர் ஆண் வீரர் போனார். அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கோக்கும் ஜெசிக்கா மெயரும் சேர்ந்து நடந்தபோதுதான் அந்த முதல் சாதனை நிறைவேறியது. மனிதனை விண்ணுக்கு அனுப்பத் தெரிந்தவர்களுக்கும் ஓர் அளவு குறைந்துபோனது.

சேலை அறிந்ததும் ஜப்பான் செய்ததும்

நம் அம்மாக்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துவைத்திருந்தார்கள். சேலையின் அகலம் ஏறக்குறைய 115 செ.மீ. இடுப்பிலிருந்து தரைவரை எனக்கு 90 செ.மீ.தான். மீதியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். 170 செ.மீ. பெண் குறைவாகச் செருகுவார். கூடுதல் துணியைக் கீழே வெட்டாமல் இடுப்பில் சரிசெய்துகொள்ள முடிவதால் யார் கட்டினாலும் பொருந்துகிறது. இரவிக்கையை மட்டும் உடலில் அளந்து தைக்கிறோம். பாஜு கூரோங்கும் தளர்வாக இருப்பதால் சுற்றளவில் மன்னிக்கும். கையையும் பாவாடை நீளத்தையும் மன்னிக்காது.

ஆனால் ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் சேலை உதவாது. அங்கே தைத்த உடைதான் வேண்டும். அதற்கு ஜப்பானைப் பாருங்கள். அந்நாட்டின் பெண்கள் ஆடை அளவுத் தரத்தில் மார்புக்கு ஓர் எண், உடல்வாகுக்கு ஓர் எழுத்து, உயரத்துக்கு இன்னோர் எழுத்து. உயரம் 142, 150, 158, 166 செ.மீ. என்று நான்கு படிகள். மார்பு கூடினாலும் உயரப் படி மாறாமல் அப்படியே நிற்கலாம். இந்தியாவிலும் சொந்த அளவு வேண்டும் என்று தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்பக் கழகத்தின் 'இந்தியாசைஸ்' திட்டத்துக்கு 2018இல் ஒப்புதல் கிடைத்தது. 15 முதல் 65 வயதுவரை 25,000 பேரை முப்பரிமாண ஒளிவருடியால் அளப்பது அதன் இலக்கு. யாருக்குத் தைக்கிறோமோ அவர்களை அளப்பதுதான் முதல் படி.

நீங்களே அளந்து பாருங்கள்

ஒருவர் உதவிக்கு இருந்தால் பத்து நிமிடம் போதும். எண்களைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. உயரம்: காலணி இல்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நில்லுங்கள். தலைமேல் ஒரு புத்தகத்தைத் தட்டையாக வைத்துக் குறியிடுங்கள். காலையில் அளந்தால் மாலையைவிட ஒரு செ.மீ. வரை கூடுதலாக இருக்கும். பகலில் முதுகெலும்பு வட்டுகளில் உள்ள நீர் சற்றுக் குறைவதே காரணம். ஆகவே எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

2. இடுப்பு இருக்கும் இடம்: வயிற்றைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு இருபக்கமும் சாயுங்கள். நூல் தானாக நகர்ந்து நிற்கும் இடமே உங்கள் இடுப்பு. கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து மார்பின் மேலாக அந்த நூல்வரை அளங்கள்.

3. கை: முழங்கையைச் சற்று மடக்கி, தோள் எலும்பின் முனையிலிருந்து முழங்கை வழியாக மணிக்கட்டுவரை.

4. தொடை: இடுப்பு நூலிலிருந்து முழங்காலின் நடுவரை.

5. இருக்கை ஆழம்: நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இடுப்பு நூலிலிருந்து நாற்காலிப் பலகைவரை, பக்கவாட்டில்.

6. மார்பு, இடுப்பு, பின்புறச் சுற்றளவுகள்.

கடையில் முதலில் தோள்பட்டையைப் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். தோளைப் பிரித்துச் சரிசெய்வது செலவு பிடிக்கும் வேலை. பக்கத் தையலைக் குறுக்குவது எளிது. அடுத்து, இடுப்பு வளைவு உங்கள் நூல் நின்ற இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தையற்கடைக்குக் கொடுக்கும்போது "கீழே வெட்டுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "இடுப்பை இரண்டு செ.மீ. மேலே ஏற்றுங்கள்", "முழங்காலுக்கு மேலே குறையுங்கள்" என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். இரண்டாவது, நான்காவது அளவுகளைக் கையோடு கொடுங்கள். நல்ல தையற்காரருக்கு அதுவே போதும்.

உயரமானவர்களும் இந்தத் தாளை எடுத்து வைப்பது நல்லது. நாற்பது வயதுக்குப் பிறகு முதுகெலும்பு வட்டுகள் தேய்வதால் எல்லாருமே பத்து ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. என்ற கணக்கில் குட்டையாகிறோம். குறைவது பெரும்பாலும் முதுகில். கால் நீளம் அப்படியே இருக்கும். அம்மாவின் பழைய சட்டை முன்பக்கம் தொங்குகிறது என்றால் அவருடைய முதுகையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்புத் தேய்வின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

அடுத்த வாரம் ஆய்வகத்தில்

அந்த மாணவியின் வகுப்பில் ஒரு பாட வேளையை அளவெடுப்பதற்கு ஒதுக்கினோம். விரும்பியவர்கள் மட்டும், பெயர் இல்லாமல். குறுக்கே உயரம், நெடுக்கே மார்புச் சுற்றளவு என்று வரைதாளில் புள்ளி வைத்தார்கள். கோடு வரும் என்று சிலர் பந்தயம் கட்டினார்கள். வந்தது கோடு இல்லை. தாள் முழுவதும் சிதறிய புள்ளிகள். கடையின் எஸ், எம், எல் அளவுகளைச் சிவப்புப் பேனாவில் குறித்தபோது மூன்று புள்ளிகள் சாய்வாக நின்றன. "இவ்வளவுதானா டீச்சர் சட்டை?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஆய்வகக் கோட்டு வாங்கும் படிவத்தில் இதுவரை 'அளவு' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதன் பக்கத்தில் 'உயரம்', 'கை நீளம்' என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்து இந்த முறை உள்ளூர்த் தையற்கடைக்கு அனுப்பினோம். ஒரு கோட்டுக்குச் சில ரிங்கிட் கூடியது. பெற்றோர்களிடம் காரணத்தைச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை.

கடந்த வியாழன் பன்சன் விளக்கு மறுபடி எரிந்தது. அவளுடைய கோட்டின் கை மணிக்கட்டில் நின்றது. அவள் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நானும் கொஞ்ச நேரம் சுடரைப் பார்த்தேன்.